விழுந்தவர்களின் கணக்கு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பனிச்சறுக்கு டிக்கெட் வாங்குகிறவர் கையில், டிக்கெட்டோடு சேர்ந்து ஓர் எச்சரிக்கையும் வந்துவிடுகிறது. பனிச்சறுக்கில் இயல்பாகவே உள்ள ஆபத்துகளால் காயம் பட்டால் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியாது என்பது அதன் சாரம். இந்த எச்சரிக்கையை அச்சிட்டுக் கொடுக்கச் சொல்வது 1979இல் வந்த அந்த மாநிலத்தின் பனிச்சறுக்குப் பாதுகாப்புச் சட்டம். எவையெல்லாம் இயல்பான ஆபத்து என்ற பட்டியலும் பின்னால் அதில் சேர்ந்தது. மாறும் வானிலை, பனியின் நிலை, பாறை, மரம், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, செங்குத்துப் பள்ளம், பிறர்மீது மோதுவது, தன் திறமைக்கு மீறிச் சறுக்குவது என்று அது நீள்கிறது.

அந்தப் பட்டியலோடு எனக்குச் சண்டை இல்லை. பனி மூடிய மலைச்சரிவில் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவருக்கு மரம் நகர்ந்து வழிவிடாது. அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்பதில்தான் அந்த விளையாட்டின் மகிழ்ச்சியும் இருக்கிறது. மலையை மெத்தையாக்கித் தரச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. என் கேள்வி வேறு. ஆபத்தின் வகைகளை வரிசையாகச் சொல்லும் அந்தச் சட்டம், இந்த மலையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும்படி யாரையும் கேட்பதில்லை. எந்தத் தடத்தின் எந்த வளைவில் போன சீசனில் எத்தனை பேர் மரத்தில் மோதினார்கள், எத்தனை பேரை ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்பதெல்லாம் நிறுவனத்துக்குத் தெரியும். டிக்கெட் வாங்கியவருக்குத் தெரியாது.

2012 ஜனவரி 22 அன்று கொலராடோவின் வின்டர் பார்க் மையத்தில், எல்லைக் கயிற்றுக்கு உள்ளேயே, மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில் சறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் பனிச்சரிவில் புதைந்து இறந்தார். அதே நாளில் வேய்ல் மையத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் அதே விதமாக இறந்தான். வின்டர் பார்க்கில் இறந்தவரின் மனைவி வழக்குத் தொடுத்தார். அந்தச் சரிவில் பனி நிலையற்று இருந்தது நிறுவனத்துக்குத் தெரியும், எச்சரித்திருக்க வேண்டும் அல்லது மூடியிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016இல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. மலையிலிருந்து பனி பெயர்ந்து வருவதும் பனியின் நிலை மாறுவதில் அடங்கும், ஆகவே பனிச்சரிவும் இயல்பான ஆபத்தே என்றது பெரும்பான்மை. காலடியில் கிடக்கும் பனியின் தன்மையைத்தான் சட்டம் சொல்கிறது, ஆளையே விழுங்கும் பனிச்சரிவை அதில் சேர்க்க முடியாது என்பது மாற்றுக் கருத்து.

சட்டத்தின் வாசகத்தை எப்படி விரித்துப் பொருள் கொள்வது என்பது நீதிபதிகளின் வேலை. எனக்கு அந்த வழக்கில் உறுத்துவது வேறொன்று. பனிச்சரிவு இயற்கைதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட காலையில் ஒரு குறிப்பிட்ட சரிவைத் திறப்பதா, கயிறு கட்டி மூடுவதா என்று முடிவெடுக்கிறவர்கள் மனிதர்கள். விடியுமுன் வெடி வைத்துப் பனியைத் தளர்த்திப் பார்த்து, குழி தோண்டி அடுக்குகளைச் சோதித்து, காற்றின் திசையைக் குறித்து எடுக்கிற முடிவு அது. அந்த அறிவில் ஒரு துளிகூட, கீழே லிஃப்ட் வரிசையில் நிற்கிறவருக்கு வருவதில்லை. சட்டமோ இருவரையும் ஒரே அறிவு உள்ளவர்களாக வைத்து, ஆபத்து முழுவதையும் வரிசையில் நிற்கிறவர் தலையில் கட்டுகிறது.

இதே மாநிலத்தில் எல்லைக் கயிற்றைத் தாண்டி வெளியே போனால் நிலைமை தலைகீழ். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் அரசு அமைப்பு. குளிர்காலம் முழுக்க நாள்தோறும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவுகோலில் இன்று எந்த உயரத்தில், எந்தத் திசை பார்த்த சரிவில் எவ்வளவு ஆபத்து என்று அதில் இருக்கும். வெளி மலையில் யாராவது பனிச்சரிவில் இறந்தால் அந்த மையம் விசாரித்து அறிக்கை எழுதுகிறது. சரிவின் சாய்வு எத்தனை பாகை, எந்த அடுக்கு உடைந்தது, குழுவினர் எங்கே பிரிந்தார்கள், புதைந்தவரைத் தோண்டி எடுக்க எவ்வளவு நேரமானது, எந்த இடத்தில் வேறு முடிவு எடுத்திருக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதி, படங்களோடு பொதுவில் வைக்கிறது. யாரையும் பழிப்பதற்காக அவை எழுதப்படுவதில்லை. அடுத்து வருகிறவர் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதப்படுகின்றன. அவற்றில் சிலதைப் படித்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரின் கடைசி அரைமணி நேரத்தை இவ்வளவு கவனத்தோடும் மரியாதையோடும் எழுத முடியுமா என்று வியந்திருக்கிறேன்.

வெளியே இலவசமாகக் கிடைக்கும் அறிவு, பெரிய மையங்களில் ஒரு நாளைக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்து உள்ளே வருகிறவருக்கு இல்லை. கொலராடோவின் பெரிய பனிச்சறுக்கு மையங்கள் பெரும்பாலும் அமெரிக்க வனத்துறையின் நிலத்தில் அனுமதி பெற்று நடப்பவை. மலை மக்களுடையது. அந்த மலையில் மக்களுக்கு நேர்ந்ததன் பதிவு மட்டும் தனியாரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. லிஃப்டுகளின் விஷயத்தில் அந்த மாநிலம் இப்படி விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லிஃப்டுகளைச் சோதிக்கவும் விபத்துகளைப் பதிந்து விசாரிக்கவும் 1965 முதல் தனி வாரியமே இருக்கிறது. மேலே ஏற்றிவிடும் இயந்திரத்துக்குக் கணக்கு உண்டு, கீழே இறங்கும் சரிவுக்குக் கிடையாது.

பதிவு என்று நான் சொல்வது ஒரு சாதாரணத் தாள். ஒருவர் விழுந்து எழ முடியாமல் கிடந்தால் ஸ்கீ பேட்ரோல் என்னும் ரோந்துப் பணியாளர் வருவார். பனியில் மண்டியிட்டு, பெயர் கேட்டு, காலில் கட்டைவைத்துக் கட்டி, சறுக்கு ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, தானே முன்னால் நின்று இழுத்துக்கொண்டு அடிவாரம் வரை சறுக்கி இறங்குவார். கடினமான வேலை, அன்பான வேலை. பிறகு ஒரு படிவத்தை நிரப்புவார். எந்தத் தடம், எந்த இடம், எத்தனை மணி, பனி இறுகிக் கிடந்ததா இளகிக் கிடந்ததா, வெளிச்சம் எப்படி, ஹெல்மெட் போட்டிருந்தாரா, எதில் மோதினார், யார் பார்த்தார்கள். ஒரு சீசனில் ஒரு பெரிய மையத்தில் இப்படி நிறைந்த தாள்களை அடுக்கிப் பார்த்தால், அந்த மலையின் எந்த மூலை மனிதர்களை உடைக்கிறது என்பது படம் போலத் தெரிந்துவிடும். அந்தத் தாள்கள் போய்ச் சேருமிடம் நிறுவனத்தின் காப்பீட்டுப் பிரிவும் வழக்கறிஞரும்.

வெளியே வருவது நாடு முழுவதற்குமான ஒரே கூட்டுத்தொகை. மைய உரிமையாளர்களின் தேசியச் சங்கம் அதை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2022-23 சீசனில் அமெரிக்க மையங்களுக்கு வந்த வருகைகள் சுமார் 6.5 கோடி, மரணங்கள் 46. பத்து லட்சம் வருகைக்கு ஒரு மரணம்கூட இல்லை. ஆறுதலான எண்தான், நேர்மையான எண்ணும்கூட. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த மலைக்குப் போவது, எந்தத் தடத்தில் வேகத்தைக் குறைப்பது என்று ஒருவரால் எதையும் தீர்மானிக்க முடியாது. எந்த மையத்தில் எத்தனை என்று அதில் பிரித்துக் காட்டுவதில்லை. செத்துப்போகாமல், முதுகுத்தண்டு முறிந்தும் மூட்டு கிழிந்தும் போனவர்களின் மையவாரிக் கணக்கும் இல்லை.

அந்தத் தாள்களை யாராவது எடுத்துப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறது. 1972இல் ராபர்ட் ஜான்சன் என்ற எலும்பு மருத்துவரும், கார்ல் எட்லிங்கர், ஜாஸ்பர் ஷீலி என்ற இருவரும் ஒரு பனிச்சறுக்கு மையத்தின் அடிவாரச் சிகிச்சையகத்துக்கு வந்த காயங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். என்ன காயம் என்பதோடு நிற்காமல், காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் எப்படி இருந்தது என்றும் சோதித்தார்கள். அடிபடாதவர்களின் பைண்டிங்குகளையும் சோதித்து ஒப்பிட்டார்கள். விழும்போது கழன்றுகொள்ள வேண்டிய பைண்டிங் கழலாததால்தான் கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிகிறது என்பது கணக்கில் துலங்கியது. பைண்டிங்குகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும் திருந்தின. ஒரு காலத்தில் பனிச்சறுக்கின் அடையாளமாகவே இருந்த மாவுக்கட்டுக் கால் மெல்ல மெல்ல அரிதாகிப் போனது.

அதே கணக்கு இன்னொன்றையும் காட்டியது. கால் எலும்பு தப்பியது, முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது கூடிக்கொண்டே போனது. பைண்டிங்கால் அதைத் தடுக்க முடியவில்லை. அவர்கள் விழுதல்களின் வீடியோக்களை வாங்கிப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பின்னோக்கிச் சாயும் உடல், முழங்காலுக்குக் கீழே போய்விட்ட இடுப்பு, மலைப்பக்கக் கை பின்னால், எடை முழுதும் கீழ்ப்பக்க ஸ்கீயின் வாலில் என்று ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வந்தது. அந்த நிலையிலிருந்து எழ முயல்வதுதான் முழங்காலை முறுக்கிவிடுகிறது. இதை 20 மையங்களின் ரோந்துப் பணியாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். புதிய கருவி எதுவும் தரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடையே கடுமையான முழங்கால் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன. 1995இல் அந்த ஆய்வு வெளியானது.

இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மலை அதே மலை, பனி அதே பனி, சறுக்கியவர்களும் அதே ஆட்கள். மாறியது ஒன்றுதான்: முன்னால் விழுந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பது பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது.

ஷீலி பிற்காலத்தில் மரணங்களையும் இப்படியே ஆராய்ந்தார். பனிச்சறுக்கில் இறப்பவர் யார் என்று கேட்டால், அனுபவமில்லாதவர், கறுப்பு வைரக் குறியிட்ட செங்குத்துத் தடத்தில் தெரியாமல் நுழைந்தவர் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மை வேறு. பெரும்பாலும் இளம் ஆண்கள், ஓரளவு நன்றாகவே சறுக்கத் தெரிந்தவர்கள். இடம் நீலச் சதுரம் போட்ட நடுத்தரத் தடம், இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த அகலமான பாதை. வேகம் கூடி, ஓரத்துக்கு வந்து, மரத்தில் மோதுகிறார்கள். ஹெல்மெட் அணிவது இருபது ஆண்டுகளில் பல மடங்கு பெருகியபோதும் மரணங்கள் அதற்கேற்பக் குறையவில்லை. ஹெல்மெட் தலைக்காயத்தைக் குறைக்கிறது, கட்டாயம் போட வேண்டும். ஆனால் முழு வேகத்தில் மரத்தில் மோதும் உடலைக் காப்பாற்ற அது செய்யப்படவில்லை. இது தெரிந்த ஓர் இளைஞன் நீலத் தடத்தின் ஓரத்தில் வேகத்தைக் குறைப்பான். தெரியாதவன், கறுப்பு வைரத்தைத் தவிர்த்துவிட்டேன், ஹெல்மெட்டும் போட்டுவிட்டேன் என்ற நிம்மதியில் இன்னும் வேகமெடுப்பான். அந்த நிறங்கள்கூட அந்தந்த மலைக்குள் ஒன்றோடொன்று ஒப்பிட்டு வைக்கப்பட்டவை. ஒரு மலையின் நீலம் இன்னொரு மலையில் கறுப்பாக இருக்கக்கூடும்.

கலிபோர்னியாவில் ஒரு மருத்துவர் 2006இல் தன் 24 வயது மகளை ஆல்பைன் மெடோஸ் மையத்தில் இழந்தார். அவர் தொடுத்த வழக்கில், மகள் சீசன் பாஸ் வாங்கியபோது கையெழுத்திட்ட பொறுப்பு விலக்குப் படிவம் குறுக்கே நின்றது. வழக்கு தோற்றது. அவர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. பாதுகாப்புத் திட்டத்தையும் காயக் கணக்கையும் மையங்கள் மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு ஓர் அமைப்பைத் தொடங்கினார். சட்டமன்றம் 2010இல் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் கையெழுத்திட மறுத்தார். 2011இல் மீண்டும் ஒரு மசோதா, அதை ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மறுத்தார். கொலராடோவில் 2021இல் வந்த இதே போன்ற மசோதா, செனட் குழுவிலேயே தோற்கடிக்கப்பட்டது.

எதிர்ப்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எண்கள் திசைதிருப்பும் என்கிறார்கள். பெரிய மையத்தில் கூட்டம் அதிகம், அதனால் காயமும் அதிகம், மக்கள் அதைப் பார்த்துத் தவறாக முடிவெடுப்பார்கள் என்கிறார்கள். பெரும்பாலான காயங்கள் சறுக்கியவரின் தவறால்தான் வருகின்றன என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. முதலாவதற்குப் பதில் சுலபம்: வருகையின் எண்ணிக்கையையும் சேர்த்தே வெளியிடலாம். இரண்டாவதுதான் யோசிக்க வைக்கிறது. தவறு சறுக்கியவருடையது என்று நிறுவனம் உறுதியாகச் சொல்வது எதை வைத்து? அந்தத் தாள்களை வைத்துத்தானே? அப்படியானால் அந்தத் தவறுகளைத்தான் முதலில் ஊரறியச் சொல்ல வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று காலை விடுகிறவருக்குச் சொல்கிறோம். ஆழத்தை அளந்தவர் கரையிலேயே நின்றுகொண்டு வாய் திறக்காதபோது அந்த அறிவுரைக்கு மதிப்பில்லை.

சறுக்குகிறவரின் பொறுப்பைக் குறைத்துக் காட்டுவது என் நோக்கமில்லை. கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல் மையத்தில், குறியிட்ட தடத்தைவிட்டுச் சில மீட்டர் வெளியே, பனிக்கடியில் இருந்த பாறையில் பட்டு விழுந்தார். ஹெல்மெட் அணிந்திருந்தார். உலகிலேயே வேகத்தை நன்கு அறிந்தவர்களில் ஒருவர் அவர். அரசு வழக்கறிஞர் விசாரித்து, தடத்தின் குறியீடுகள் விதிப்படியே இருந்தன, யார்மீதும் குற்றமில்லை என்று அறிவித்து வழக்கை முடித்தார். அந்த விசாரணையில் மையத்துக்கு எந்த இழுக்கும் வரவில்லை. உண்மை வெளியே வந்ததால் பழி விலகியது. மறைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

தானே தேடிக்கொண்ட ஆபத்து ஒன்று, தனக்குத் தெரியாமல் தன்மேல் வைக்கப்பட்ட ஆபத்து இன்னொன்று. இத்தாலியின் மொத்தரோனே மலையில் 2021 மே 23 அன்று இழுவைக் கம்பி அறுந்து ஒரு கேபிள் கார் பின்னோக்கிப் பாய்ந்து விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் பிழைத்தான். கம்பி அறுந்தால் பிடித்து நிறுத்துவதற்கென்று அவசர பிரேக் இருந்தது. அந்த பிரேக் அடிக்கடி தானாக விழுந்து சேவையை நிறுத்திவிடுகிறது என்று, அது இயங்காதபடி இரும்புக் கவ்விகளை மாட்டி வைத்திருந்தார்கள். இயக்கியவர்களுக்கு அது தெரியும். பெட்டிக்குள் ஏறிய குடும்பங்களுக்குத் தெரியாது. அவர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

2024 மே மாதம் கொலராடோ உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டது. லிஃப்டிலிருந்து விழுந்து உடல் செயலிழந்த ஒரு பதின்வயதுப் பெண்ணின் வழக்கு அது. பாதுகாப்புச் சட்டம் விதித்த கடமையை மீறினார்கள் என்று வழக்காடும் உரிமையை, டிக்கெட்டோடு வாங்கும் கையெழுத்து பறித்துவிட முடியாது என்றது தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. ஆனால் நீதிமன்றம் பேசத் தொடங்கும்போது ஒருவர் ஏற்கெனவே விழுந்திருப்பார். விழுமுன் பேச வேண்டியது கணக்கு.

எனக்குத் தோன்றும் உண்மை இது. ஆபத்தை ஏற்கும் உரிமை மனிதனின் பெரிய உரிமைகளில் ஒன்று. தெரிந்து ஏற்கும்போதுதான் அது அவனுடையதாகிறது. மூடிய கண்ணோடு போட்ட கையெழுத்தில் துணிச்சலும் இல்லை, சம்மதமும் இல்லை. ஒருவர் விழுந்த இடம், விழுந்த விதம், விழுந்த காரணம் ஆகியவை அவர் உடலால் கொடுத்த விலைக்கு இந்த உலகம் பெற்ற அறிவு. அது அடுத்து அந்தச் சரிவில் நிற்கப்போகிறவருக்குச் சேர வேண்டிய சொத்து. அதை எந்த நிறுவனமும் தனதென்று பூட்டி வைக்க முடியாது. கணக்கைக் கையில் கொடுத்த பிறகு ஒருவர் மரங்களுக்கிடையே பாய்ந்தால், அந்தப் பொறுப்பு முழுதும் அவருடையதுதான். அதை நானும் மறுக்கமாட்டேன்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று கலிபோர்னியாவிலும் கொலராடோவிலும் வேலை பார்க்கிறார்கள். குளிர்கால வார இறுதிகளில் தாஹோ ஏரிப் பக்கம் காரோட்டிப் போகிறார்கள். இங்கிருந்து போகிற பெற்றோரும் பேரப்பிள்ளைகளோடு பனியில் நிற்கிறார்கள். மகிழ்ச்சியாகப் போங்கள். ஹெல்மெட் போடுங்கள், நீலத் தடத்தின் ஓரத்தில் வேகத்தைக் குறையுங்கள், கயிறு கட்டிய இடத்துக்குள் நுழையாதீர்கள். டிக்கெட் வாங்குமிடத்தில் ஒரு கேள்வியும் கேளுங்கள்: போன சீசனில் இந்த மலையிலிருந்து எத்தனை பேரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினீர்கள், எந்தத் தடத்திலிருந்து? பதில் கிடைக்காவிட்டால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள், ஊர்ப் பிரதிநிதிக்கும் எழுதுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால்தான் அந்த அலமாரி திறக்கும்.